பதில் சொல்பவரின் பாடு

பண்டைய கிரேக்கத் தத்துவ ஆசிரியர் பிளேட்டோவின் உரையாடல்களைத் தனியாகப் படிக்காதீர்கள், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வாய்விட்டுப் படியுங்கள் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. 29 வருடம் கல்லூரியில் தத்துவம் நடத்தியவளுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. இந்த மாதம் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

பிளேட்டோ தன் கருத்தை நேராக எழுதாமல் ஏன் நாடகம் மாதிரி எழுதினார்? கட்டுரையாக எழுதியிருந்தால் எங்களுக்குப் பரீட்சைக்காவது சுலபமாக இருந்திருக்கும்.
- கல்லூரி மாணவி, திருநெல்வேலி

உங்கள் சிரமம் புரிகிறது. 'பிளேட்டோவின் கருத்துகள் யாவை' என்று கேள்வித்தாளில் கேட்டுவிடுவார்கள். ஆனால் அவர் தன் வாயால் பேசும் இடம் ஒன்றுகூட அந்த உரையாடல்களில் இல்லை. அவர் பெயர் வருவதே இரண்டு நூல்களில்தான். அவருடைய குரு சாக்ரடீஸ் மீதான வழக்கைச் சொல்லும் 'அப்பாலஜி'யில், நீதிமன்றத்தில் இருந்த நண்பர்களில் ஒருவராக வருகிறது. சாக்ரடீஸின் கடைசி நாளைச் சொல்லும் 'ஃபீடோ'வில், அன்று சிறையில் யார் யார் இருந்தார்கள் என்று அடுக்கும்போது, "பிளேட்டோவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைக்கிறேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். அவ்வளவுதான்.

இப்படி எழுதியவர் அவர் மட்டுமல்ல. கி.மு. 399இல் சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுத்துக் கொன்றார்கள். அவர் ஒரு வரி எழுதி வைத்தவர் இல்லை. அவரோடு பழகிய செனபோன், ஆன்டிஸ்தனீஸ், ஈஸ்கினீஸ் என்று பலரும் அவர் பேசிய மாதிரியே எழுத ஆரம்பித்தார்கள். பிறகு வந்த அரிஸ்டாட்டில் தன் 'கவிதையியல்' நூலில் 'சாக்ரடீஸ் பேச்சுகள்' என்று அதை ஒரு தனி இலக்கிய வகையாகவே குறிப்பிடுகிறார். சைமன் என்ற செருப்புத் தொழிலாளி தன் கடையில் நடந்த பேச்சுகளை எழுதி வைத்தார் என்றும் ஒரு பழைய செய்தி உண்டு. ஏதென்ஸ் சந்தைத் திடலின் ஓரத்தில் தோண்டியபோது, செருப்பு ஆணிகள் கிடந்த ஒரு வீட்டுக்கு அருகே 'சைமனுடையது' என்று கீறிய கோப்பை ஒன்றின் அடிப்பகுதி கிடைத்தது. அதே சைமன்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் அந்தப் படத்தை முதலில் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பு இன்னும் போகவில்லை. தத்துவம் தோல் நாற்றமடிக்கும் கடையிலும் நடந்திருக்கிறது!

ஏன் இந்த வடிவம் என்பதற்கு 'ஃபீட்ரஸ்' நூலில் ஒரு விளக்கம் இருக்கிறது. எழுத்து ஓவியம் மாதிரியாம். ஓவியத்தில் இருப்பவர் உயிரோடு இருப்பதுபோலத் தெரிவார், ஆனால் ஏதாவது கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். எழுத்தும் அப்படித்தான், எத்தனை தரம் கேட்டாலும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும். இப்படி நினைத்தவர் எழுதியே ஆக வேண்டும் என்றால் எதை எழுதுவார்? ஒருவர் கேட்க, இன்னொருவர் திணற, நடுவில் நாம் போய் உட்கார இடம் இருக்கிற எழுத்தைத்தான் எழுதுவார். பரீட்சைக்கு அது சிரமம்தான். ஆனால் "பிளேட்டோ சொல்கிறார்" என்று எழுதும்போதெல்லாம் "எந்தப் பாத்திரம், யாரிடம், எதற்காகச் சொல்கிறது" என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னதை நம்பி 'லாகிஸ்' படித்தேன். வீரம் என்றால் என்ன என்று இரண்டு தளபதிகளோடு பேசுகிறார்கள். கடைசியில் விடையே இல்லை. 24 வருடம் பட்டாளத்தில் இருந்தவன் நான். ஏமாற்றமாக இருந்தது.
- ஓய்வுபெற்ற ராணுவ வீரர், வேலூர் மாவட்டம்

ஐயா, இந்தக் கடிதத்துக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன் என்று சொல்லத் தோன்றுகிறது. நான் பாடம் நடத்தியபோது எதிரில் இருந்தவர்கள் எல்லோரும் இருபது வயதுப் பிள்ளைகள். போர்க்களம் பார்த்த ஒருவர் இதைப் படித்துவிட்டு எழுதுவது இதுதான் முதல் தடவை.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு அப்பாக்கள், தங்கள் பிள்ளைகளுக்குக் கவசப் போர்ப் பயிற்சி கொடுக்கலாமா என்று கேட்க, லாகிஸ், நிகியாஸ் என்ற இரண்டு தளபதிகளை அழைத்து வருகிறார்கள். தளபதிகள் ஆளுக்கொரு பக்கம் பேசுகிறார்கள். சாக்ரடீஸ் பேச்சைத் திருப்பி, வீரம் வரவேண்டும் என்றுதானே பயிற்சி, அந்த வீரம் என்பது என்ன என்று கேட்கிறார். லாகிஸுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. அணியில் தன் இடத்தை விட்டு நகராமல் நின்று போரிடுகிறவன் வீரன் என்கிறார்.

சாக்ரடீஸ் அதை மறுத்துப் பிரசங்கம் செய்வதில்லை. லாகிஸே ஒப்புக்கொள்ளக்கூடிய இரண்டு செய்திகளை எடுத்து வைக்கிறார். சித்தியர்கள் என்ற நாடோடிக் குதிரை வீரர்கள் பின்வாங்கிக்கொண்டே போரிடுவார்கள். கி.மு. 479இல் பிளாட்டியாவில் ஸ்பார்ட்டா வீரர்கள் பாரசீகர்களுக்கு முன்னால் பின்வாங்கி, எதிரியின் அணி கலைந்ததும் திரும்பி அடித்து வென்றார்கள். அவர்கள் வீரர்கள் இல்லையா? லாகிஸ் ஒப்புக்கொள்கிறார். சரி, வீரம் என்பது மனத்தின் தாங்கும் உறுதி என்று மாற்றுகிறார். முட்டாள்தனமான உறுதியுமா? இல்லை, அறிவோடு கூடிய உறுதி. அப்படியானால் நீச்சல் பழகியவன் கிணற்றில் குதிப்பதைவிட, பழகாதவன் குதிப்பது அதிக வீரமாகப் படுகிறதே? படுகிறது என்கிறார் லாகிஸ். முன்னால் சொன்னதோடு இது மோதுகிறது. தெரிந்த விஷயம்தான், வாயில் வரமாட்டேன் என்கிறதே என்று அவருக்குத் தன் மேலேயே கோபம் வருகிறது.

இந்த முறைக்குக் கிரேக்கத்தில் 'எலெங்கோஸ்' என்று பெயர். எதிராளி சொன்னதைப் பொய் என்று வெளியிலிருந்து நிரூபிப்பதில்லை. அவர் நம்புகிற மற்ற விஷயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்தால், அவையும் இதுவும் சேர்ந்து நிற்க முடியவில்லை என்று அவருக்கே தெரிந்துவிடும். எதை விட்டுக்கொடுப்பது என்பது அவர் பொறுப்பு.

அடுத்து நிகியாஸ். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படக் கூடாது என்று அறிகிற அறிவுதான் வீரம் என்கிறார். இது நல்ல விடை. லாகிஸ் குறுக்கே விழுந்து, அப்படியானால் வருவதை அறிகிற குறிசொல்லிகள்தான் வீரர்களா என்று சீண்டுகிறார். கொஞ்சம் கழித்து சாக்ரடீஸ் போகிற போக்கில் சொல்கிறார்: சட்டப்படி குறிசொல்லிக்குத் தளபதிதான் கட்டளையிட வேண்டும், தளபதிக்குக் குறிசொல்லி கட்டளையிடக் கூடாது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்தப் பேச்சு நடப்பதாகக் காட்டப்படும் காலம் கி.மு. 424க்கும் 418க்கும் நடுவில். சாக்ரடீஸும் லாகிஸும் டீலியம் போரில் ஒன்றாகப் பின்வாங்கி வந்த பிறகு, மான்டினியா போரில் லாகிஸ் சாவதற்கு முன். சில ஆண்டுகள் கழித்து, கி.மு. 413இல், இதே நிகியாஸ் சிசிலியில் ஏதென்ஸ் படைக்குத் தளபதி. தோல்வி உறுதியாகி, தப்பிக் கிளம்பக் கப்பல்கள் தயார். அன்று இரவு சந்திர கிரகணம். குறிசொல்லிகள் சொன்னபடி மூன்று ஒன்பது நாள், அதாவது 27 நாள், நகரக் கூடாது என்றுவிட்டார் நிகியாஸ். அதற்குள் வாய்ப்பு கைநழுவிப் போய்விட்டது. படை அழிந்தது, பிழைத்தவர்கள் கல் குவாரிகளில் அடைபட்டார்கள், நிகியாஸைக் கொன்றார்கள். வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். பிளேட்டோவின் முதல் வாசகர்கள் இதில் அப்பாவையோ அண்ணனையோ இழந்தவர்கள். அவர்கள் காதில் அந்தக் குறிசொல்லி வரி எப்படி விழுந்திருக்கும்!

எதற்குப் பயப்பட வேண்டும் என்று அறிவதே வீரம் என்று வாயால் சரியாகச் சொன்னவர், ஒரு கிரகணத்துக்குப் பயந்து படையை இழந்தார். வாக்கியம் சரிதான், ஆனால் அது அவருக்குள் இறங்கவில்லை. அதே நூலில் நிகியாஸே ஒன்று சொல்கிறார்: சாக்ரடீஸோடு எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும், நான் எப்படி வாழ்கிறேன், இதுவரை எப்படி வாழ்ந்தேன் என்பதற்குக் கணக்குச் சொல்லும் வரை அவர் விடமாட்டார் என்று. கட்டுரையாக எழுதியிருந்தால் பிளேட்டோ ஒரு வரையறையைத் தந்திருப்பார். உரையாடலாக எழுதியதால் வரையறையோடு அதைச் சொன்ன ஆளையும் காட்டுகிறார்.

விடை இல்லை என்பது உண்மைதான் ஐயா. நூலின் முடிவில், நாம் எல்லோருமே மறுபடி பள்ளிக்கூடம் போக வேண்டும், வயதானவர்கள் என்று வெட்கப்படக் கூடாது என்கிறார் சாக்ரடீஸ். நாளைக் காலை வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டுப் பிரிகிறார்கள். உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். லாகிஸ் இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் முதல் விடையாக என்ன சொல்லியிருப்பீர்கள்? எழுதி அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.

'மெனோ'வில் அடிமைச் சிறுவனுக்கு சாக்ரடீஸ் கணக்குச் சொல்லித் தரவில்லை, கேள்விதான் கேட்டார் என்கிறார்கள். விடையை அவரே ஊட்டிவிடுகிறாரே?
- கணித ஆசிரியை, ஈரோடு

நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நானும் வருடா வருடம் கரும்பலகையில் அதை வரைந்து காட்டியவள்தான். 2 அடிப் பக்கமுள்ள சதுரம், பரப்பு 4. இரட்டிப்புப் பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு? பையன் யோசிக்காமல் 4 என்கிறான். வரைந்தால் 16 வருகிறது. சரி 3 என்கிறான். 9 வருகிறது. "சத்தியமாகத் தெரியவில்லை சாக்ரடீஸ்" என்கிறான். பிறகு மூலைவிட்டத்தை வரைந்து காட்டுவது சாக்ரடீஸ்தான். பையன் எண்ணிப் பார்த்து, அதன் மேல் எழும் சதுரம் 8 என்கிறான். ஆக, கோட்டைக் கொடுத்தவர் சாக்ரடீஸ். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 4, 3 என்ற இரண்டு தப்பும் அவனுடைய சொந்தத் தப்பு. எனக்கு அந்த இடம்தான் முக்கியம். எடுத்த எடுப்பில் மூலைவிட்டத்தைக் காட்டியிருந்தால் அவன் சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பான். இரண்டு தரம் தானாகத் தடுக்கி விழுந்ததால்தான் மூன்றாவது தரம் அந்தக் கோட்டை நிமிர்ந்து பார்க்கிறான். இதற்குச் சற்று முன்னால், தொட்டால் மரத்துப்போக வைக்கும் மின்திருக்கை மீன் மாதிரி இருக்கிறீர்கள் என்று பையனின் எஜமானர் மெனோ சாக்ரடீஸிடம் குறைபட்டிருக்கிறார். இப்போது சாக்ரடீஸ் கேட்கிறார்: இவனும்தான் மரத்துப்போனான், இவனுக்கு ஏதாவது நஷ்டமா?

இன்னொன்று, நீங்கள் கணித ஆசிரியை என்பதால் சொல்கிறேன். பையன் 3இலும் தோற்றதும், "எண்ணிச் சொல்ல விருப்பமில்லை என்றால் எந்தக் கோடு என்று காட்டு" என்கிறார் சாக்ரடீஸ். அந்தக் கோட்டுக்கு முழு எண்ணாகவோ பின்னமாகவோ விடையே கிடையாது என்று அவருக்குத் தெரியும். எட்டின் வர்க்கமூலம் அல்லவா!

ஒரு விஷயம் மட்டும் எனக்கு எப்போதும் உறுத்தும். அந்தப் பையனுக்குப் பெயர் இல்லை. பாடம் தொடங்கும் முன் அவனைப் பற்றி சாக்ரடீஸ் கேட்பது ஒன்றே ஒன்று: "கிரேக்கம் பேசுவானா?" பேசுவான், எங்கள் வீட்டில் பிறந்தவன் என்கிறார் மெனோ. பாடம் முடிந்ததும் அவன் எங்கே போனான் என்று நூல் சொல்வதில்லை.

நீதிமன்றத்தில் நாங்கள் செய்யும் குறுக்கு விசாரணையும் சாக்ரடீஸ் கேள்வி கேட்கும் முறையும் ஒன்றுதானே?
- வழக்கறிஞர், மதுரை

வெளித்தோற்றம் ஒன்றுதான். ஆனால் நீங்கள் சாட்சியைக் கேட்டாலும் பேசுவது நீதிபதிக்காக. சாக்ரடீஸ் 'கோர்கியாஸ்' நூலில் இதை நேராகவே சொல்கிறார்: நீ ஊரையே சாட்சிக்குக் கூட்டி வரலாம், எனக்கு ஒரே சாட்சி போதும், அது நீதான். நீ ஒத்துக்கொள்ளாத வரை நான் எதையும் சாதித்ததாக நினைக்க மாட்டேன். அதனால்தான் தான் நம்பாததைச் சும்மா சொல்லக் கூடாது என்று பதில் சொல்பவரைக் கட்டுப்படுத்துகிறார். அது போய்விட்டால் முறையே உடைந்துவிடும். அதே நூலில் கலிக்லீஸ் என்பவர் கோபித்துக்கொண்டு, ஆளை அனுப்பினால் போதும் என்று ஏனோதானோவென்று 'ஆமாம்' போட ஆரம்பிக்கிறார். சாக்ரடீஸ் தானே கேட்டுத் தானே பதில் சொல்லும்படி ஆகிறது. பிளேட்டோ தன் குரு தோற்ற இடத்தையும் எழுதி வைத்தாரே, அதற்காகவே அவரை வணங்கலாம்.

உண்மையான நீதிமன்றத்தில் என்ன ஆனது என்பது தெரிந்ததுதான். குற்றம் சாட்டிய மெலிட்டஸை சாக்ரடீஸ் அதே முறையில் கேட்டு மடக்கினார். தீர்ப்பு எதிராக வந்தது. 30 வாக்குகள் மாறி விழுந்திருந்தால் விடுதலையாகியிருப்பேன் என்று அவரே சொல்கிறார்.

இந்த முறையில் ஆபத்தும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வகுப்பில் ஒரு மாணவனை எழுப்பி, நேர்மை என்றால் என்ன என்று கேட்டு, அவன் சொன்ன ஒவ்வொன்றையும் உடைத்துக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. அவன் ஒரு வாரம் வகுப்புக்கு வரவில்லை. நான் கேட்டது அவனுக்காக இல்லை, சிரித்தவர்களுக்காக. அதற்கப்புறம்தான் 'குடியரசு' ஏழாம் புத்தகத்தில் பிளேட்டோ எச்சரிக்கும் இடம் எனக்கு உறைத்தது: வாதத்தை முதன்முதலாக ருசித்த இளைஞர்கள், நாய்க்குட்டிகள் மாதிரி பக்கத்தில் வருபவரையெல்லாம் பிய்த்துக் குதறுவார்கள் என்று. அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அவன் மறுபடி வகுப்பில் வாய் திறக்கப் பல மாதம் ஆனது.

சாக்ரடீஸ் தன்னை மருத்துவச்சி என்று சொல்லிக்கொண்டது ஏன்?
- குடும்பத் தலைவி, கும்பகோணம்

அவருடைய அம்மா ஃபைனரெட்டே மருத்துவச்சி. அந்த ஒப்புமை 'தியேடீட்டஸ்' நூலில் வருகிறது. என் அப்பாவைப் பெற்ற பாட்டியும் மருத்துவச்சிதான், அதனால் இந்தப் பகுதியை என்னால் சாதாரணமாகப் படிக்க முடிவதில்லை. உன் கையால்தான் என் பேரன் பிறந்தான் என்று யாராவது சொன்னால் பாட்டி, "பெத்தவ அவ, நான் கையத்தான் குடுத்தேன்" என்பாள். சாக்ரடீஸ் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான். பிள்ளை பெறும் வயது தாண்டியவர்கள்தான் அந்த வேலைக்கு வருவார்கள். அதுபோல எனக்குள் ஞானம் எதுவும் பிறப்பதில்லை, மற்றவர்களுக்குப் பிறக்கும்போது கூட இருக்கிறேன் என்கிறார்.

ஆனால் பாட்டிக்கு இல்லாத ஒரு வேலை அவருக்கு உண்டு. பிறந்தது உயிருள்ள பிள்ளையா, வெறும் கூமுட்டையா என்று சோதிக்க வேண்டும். கூமுட்டை என்றால் எடுத்துவிட வேண்டும், தலைச்சன் பிள்ளையைப் பறித்த மாதிரி தாய் கோபப்படக் கூடாது. இளைஞன் தியேடீட்டஸ், அறிவு என்றால் என்ன என்பதற்குச் சொன்ன மூன்று விடைகளும் அப்படியே போகின்றன. முடிவில் சாக்ரடீஸ் அவனைத் தேற்றுவது எனக்கு மிகவும் பிடித்த இடம். இனி உனக்கு ஏதாவது உதித்தால் இந்தச் சோதனையால் அது மேலானதாக இருக்கும். ஒன்றும் உதிக்காவிட்டாலும், தெரியாததைத் தெரியும் என்று நினைக்காதவனாக, கூட இருப்பவர்களுக்குப் பாரமில்லாத சாதுவாக இருப்பாய். சொல்லிவிட்டு, மெலிட்டஸ் போட்ட வழக்குக்காக நீதிமன்றப் பக்கம் கிளம்புகிறார். நாளைக் காலை இங்கேயே சந்திப்போம் என்கிறார்.

பாளியில் உள்ள 'மிலிந்த பஞ்ஹ'வில் கிரேக்க அரசனே பிக்குவிடம் கேள்வி கேட்கிறானே? அதுவும் இதே வகையா?
- வாசகர், மட்டக்களப்பு

மிலிந்தன் என்பது மெனாண்டர், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசர். நீங்கள் கேட்டது நல்ல தொடர்பு. ஆனால் கேள்வி ஓடும் திசையைப் பாருங்கள். அங்கே தெரிந்துகொள்ள வந்த அரசன் கேட்கிறான், விஷயம் தெரிந்த பிக்கு நாகசேனர் விளக்குகிறார். 'நான்' என்று தனியாக ஒன்று இல்லை என்பதை விளக்கும் தேர் உவமையில் பிக்கு திருப்பிக் கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா என்று. அந்தச் சில பக்கங்களில் ஏதென்ஸ் வாசனை அடிப்பதாக எனக்குத் தோன்றும். சாக்ரடீஸிடம் எப்போதும் தெரியாது என்பவர்தான் கேட்கிறார், தெரியும் என்பவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் கேட்க ஆசையாக இருக்கிறது. நானும் என் நண்பரும் எந்த நூலில் ஆரம்பிக்கலாம்?
- தையல் கடை வைத்திருப்பவர், தேனி

'யூதிஃப்ரோ'வில். சின்ன நூல், பேசுபவர்கள் இரண்டே பேர். யூதிஃப்ரோ தன் அப்பா மீதே கொலை வழக்குப் போட வந்திருக்கிறார். கொலை செய்த ஒரு கூலியாளை அப்பா கட்டிக் குழியில் போட்டு வைக்க, அவன் பசியிலும் குளிரிலும் செத்துப்போனான். தெய்வத்துக்கு உகந்தது எது என்று தனக்குத் தெரியும் என்கிற நிச்சயத்தில் யூதிஃப்ரோ வந்து நிற்கிறார். அது என்ன என்றுதான் சாக்ரடீஸ் கேட்கிறார். கடைசியில் யூதிஃப்ரோ அவசர வேலை என்று கிளம்பிவிடுகிறார்.

இரண்டு பேருமே சாக்ரடீஸ் பாகம்தான் வேண்டும் என்பீர்கள். அதை நண்பருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு யூதிஃப்ரோவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு 'ஆமா'வையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இதை நானாக இருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேனா என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஏன் என்று நண்பரிடம் சொல்லுங்கள். என் பிரதியில் முதல் கோடு, தெய்வங்களும் எது நியாயம் என்பதில் சண்டை போட்டுக்கொள்கின்றன என்று அவர் ஒத்துக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. உங்கள் கோடு எங்கே விழுந்தது என்று எழுதுங்கள்.